டிரிப் ஷீட்

மஞ்சக்குப்பத்தில் காலை ஐந்தே முக்கால்.
பதினோரு பேர், ஒரு வழிகாட்டி, ஏசி உண்டு.
தொடக்கக் கிலோமீட்டர் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
வழிகாட்டி தையல்நாயகி
மைக்கை ஊதிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இன்றைக்கு நாலு இடம். நாலாவது புத்தர்."
எனக்குத் தெரிந்து கடலூரில் புத்தர்
சலூன் கண்ணாடிக்கு மேலே மட்டும்தான் இருந்தார்.

பாதிரிப்புலியூரில் தேரடியோரம் போட்டேன்.
கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர்
அந்தக் கல்லிலேயே மிதந்து வந்த கதையை
இறங்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.
பக்கத்தில்தான் கரையேறவிட்டகுப்பம்.
என் மச்சினன் வீடு அங்கே.
படகு என்ஜினுக்குக் கடன் வாங்கி
இன்னும் கரையேறவில்லை.
நான் சொல்லவில்லை. கதை அவளுடையது.

எனக்குச் செருப்பு வேலை.
பன்னிரண்டு ஜோடி.
ஊர் மாறும், கோபுரம் மாறும்,
நான் பார்ப்பது இதே பன்னிரண்டு.
மாத்தறையிலிருந்து வந்த அம்மாளுடையது
வெள்ளை ரப்பர், குதிகால் தேய்ந்தது.
அவர் மட்டும்தான் திரும்பி வந்ததும்
செருப்பைப் பார்த்து ஒருமுறை சிரிப்பார்,
பிறகு என்னைப் பார்த்து.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள்.
ஒரு மலை, பதினேழு கல்யாணம்,
வண்டி நிறுத்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை.
உப்பும் மிளகும் கிணற்றில் போட்டுவிட்டு
விரலை நக்கிக்கொண்டே ஏறினார்கள்.

திருவதிகையில் உச்சி வெயில்.
விமானத்தின் நிழல் தரையில் விழாதாம்.
என் வண்டியின் நிழலும் அப்போது விழவில்லை,
டயருக்கடியில் சுருண்டு கிடந்தது.
உள்ளே உட்கார்ந்திருக்கும் சிலை
புத்தரா தீர்த்தங்கரரா என்று
ஓய்வுபெற்ற இருவர்
பண்ருட்டி தாண்டியும் விடவில்லை.
முந்திரிப் பொட்டலம் பிரித்ததும் விட்டுவிட்டார்கள்.

நாலாவது இடத்துக்குப் பலகை இல்லை.
ஊர்ப்பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றார்
நிலத்துக்காரர் அஞ்சாபுலி.
"அளக்க வந்துருவாங்க."
கரும்பு வெட்டினால்தான் தரிசனம்;
ஆலை உத்தரவுக்கு இன்னும் இரண்டு மாதம்.
சோகை கையை அறுக்க வரிசையாய் நுழைந்தோம்.
நானும்தான். காவல் காக்க
திருடனாவது வேண்டுமே.

மழுங்கிய மூக்கு. ஒரு காது போயிருந்தது.
இடுப்பில் மஞ்சள் துண்டு, நெற்றியில் விபூதிப் பட்டை,
மடியில் மோட்டார் கொட்டகைச் சாவி.
"மௌனசாமி," என்றார் அஞ்சாபுலி.
"ஒரு வருசம் கிடா வெட்டிப் பார்த்தோம்.
மோட்டார் எரிஞ்சுபோச்சு.
அதுலேருந்து பொங்கல்தான்."
தையல்நாயகி மைக்கைத் தூக்கினாள்,
ஏதோ ஒரு நூற்றாண்டைச் சொல்ல வாயெடுத்து
அணைத்துவிட்டாள்.

மாத்தறை அம்மாள் ஈர மண்ணில் மண்டியிட்டார்.
தன் மொழியில் மூன்று முறை எதையோ சொன்னார்.
எழுந்தவர் நெற்றியில்
அஞ்சாபுலி விபூதி இட்டார்.
இருவரும் ஒருவரையொருவர் திருத்தவில்லை.

எனக்கும் கை கூப்ப வேண்டியிருந்தது.
வண்டிச் சாவியை வைக்க வேறு இடமில்லை,
அதே மடியில் வைத்தேன்.
எடுக்கும்போது ஒரு நொடி
எது என்னுடையதென்று தெரியவில்லை.

இரவு எட்டே கால்.
'காத்திருப்பு நேரம்' என்ற கட்டத்தில்
பாதிரிப்புலியூர் நாற்பது நிமிடம்,
கல்யாண நெரிசல் ஒன்றேகால் மணி,
திருவதிகை ஐம்பது என்று எழுதினேன்.
நாலாவதில் பேனா நின்றது.
அங்கே காத்திருந்தது நானில்லை.
முதலாளி கேட்டால் மறந்துவிட்டேன் என்பேன்.

வண்டியைப் பெருக்கினால்
முந்திரித் தோல், வாடிய மல்லிகை, சோகைத் துண்டு,
பின்சீட்டுக்கு அடியில்
வெள்ளை ரப்பர் செருப்பு, ஜோடியாக.
வெறுங்காலோடு விடுதிக்குள் போயிருக்கிறார்.
விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
அதுவரை
நான்தான் காவல்.